செட்டிநாட்டு வெயிலுக்கு எந்த மஞ்சள் ரோஜா?

காரைக்குடிப் பக்கம் பூட்டிக் கிடந்த பெரிய வீடுகளைத் திறந்து பழுது பார்க்கிறவர்கள் பலரும் பின்கட்டுத் தோட்டத்தைச் சுத்தம் செய்து முடித்ததும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. மஞ்சள் ரோஜா வேண்டும், வாசனை வேண்டும், ஒற்றைக் குச்சியில் ஒரு பூ என்று நிற்காமல் புதராக நிறைந்து பூக்க வேண்டும், எதை வாங்கலாம்? இணையத்தில் தேடினால் இங்கிலாந்துத் தோட்டப் படங்களாக வந்து விழும். அந்தப் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். மஞ்சள், வாசனை, புதர் என்று மூன்றையும் ஒன்றாகக் கேட்டால் நம் வெயிலில் தேறுவது இரண்டு மூன்று வகைதான், அதில் எது உங்களுக்கு என்பதைச் செடி நிற்கப்போகிற இடமும் நீங்கள் எதிர்பார்க்கிற வாசனையும்தான் முடிவு செய்யும்.

முதலில் வாசனைக் கதையைப் பேசிவிடலாம், ஏமாற்றம் அதில்தான் அதிகம். ரோஜா வாசனை என்றால் நம் மனசில் இருப்பது பன்னீர் ரோஜாவின் வாசனை. ஜெரானியால், சிட்ரோனெலால், ஃபீனைல் எத்தனால் என்று சில சேர்மங்கள் சேர்ந்து கொடுக்கிற வாசனை அது. மஞ்சள் ரோஜாக்களில் பெரும்பாலும் அது கிடையாது. சீனத்து ரோஜாக்களின் வழி வந்தவற்றில் டைமெத்தாக்ஸி டொலுயீன் என்ற சேர்மம்தான் முன்னால் நிற்கும், அதனால் பூவை முகர்ந்தால் நல்ல தேயிலை டப்பாவைத் திறந்தது போல ஒரு வாசனை வரும். அதனால்தான் அந்தக் கூட்டத்துக்கே தேயிலை ரோஜா என்று பெயர் என்பார்கள். வேறு சில மஞ்சள்களில் பழ வாசனை, சோம்பு வாசனைகூட உண்டு. எல்லாமே நல்ல வாசனைகள்தான், ஆனால் அப்பத்தா தலையில் வைத்த பன்னீர் ரோஜா வாசனையை மஞ்சளில் தேடினால் எவ்வளவு செலவு செய்தாலும் கிடைக்காது. உங்களுக்கு வேண்டியது அதுதான் என்றால் பேசாமல் பன்னீர் ரோஜாவே வையுங்கள். நம் மண்ணில் அது அதிகக் கவனிப்பு கேட்காமல் வளரும், நிறம் மட்டும் இளஞ்சிவப்பாக இருந்துவிட்டுப் போகட்டும்.

மஞ்சளுக்கு இன்னொரு குறையும் பிறவியிலேயே உண்டு. 1900-க்கு முன்னால் ஐரோப்பாவில் அழுத்தமான மஞ்சளில், அடிக்கடி பூக்கிற தோட்ட ரோஜா கிடையாது. பிரான்சில் லியோன் நகரத்தைச் சேர்ந்த பெர்னே துஷே என்பவர் பாரசீக மஞ்சள் ரோஜாவைக் கலந்து அந்த ஆண்டு 'சொலெய் தோர்' என்ற வகையை வெளியிட்டார், இன்றைய பளிச் மஞ்சள்களில் பெரும்பாலானவை அந்த வம்சம்தான். நிறத்தோடு கூடவே இலையில் கரும்புள்ளி நோய் வாங்கும் குணமும் அந்த வழியாகவே வந்து சேர்ந்தது. இந்த நோய்க்கு இலை பல மணி நேரம் ஈரமாக இருக்க வேண்டும், நமக்கு அந்த நிலைமை ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும்தான். மற்ற மாதங்களில் நம் காற்று காய்ந்தது, அதனால் வெளிநாட்டுக்காரர்கள் எழுதுகிற அளவுக்குக் கரும்புள்ளிக்கு நாம் பயப்பட வேண்டாம். நமக்கு எதிரி வெயில்தான், அப்புறம் வெயிலோடு வருகிற, சாறு உறிஞ்சுகிற சிவப்புச் சிலந்தியும் இலைப்பேனும். பாரசீக மஞ்சள் செடியையே வாங்கினால் என்ன என்று யாராவது கேட்டால், வேண்டாம். அதற்கு நல்ல குளிர்காலம் வேண்டும், ஆண்டுக்கு ஒரு தடவைதான் பூக்கும், அதன் அறிவியல் பெயரிலேயே நாற்றம் பிடித்தது என்ற பொருள் வருகிறது.

சரி, கடையில் கிடைப்பவற்றுக்கு வருவோம். சாலையோர நர்சரியில் "மஞ்சள் ரோஸ் இருக்காண்ணே" என்று கேட்டால் உடனே ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள், பெயர் கேட்டால் "மஞ்சள்தான்" என்பார்கள். பல சமயம் அது ஓசூர்ப் பசுமைக்குடில்களில் பூங்கொத்துக்காக வளர்க்கிற 'கோல்டு ஸ்ட்ரைக்' மாதிரியான வகை. நீளக் காம்பு, ஜாடியில் பல நாள் வாடாமல் நிற்கும், கண்ணுக்குக் குறை சொல்ல முடியாது. முகர்ந்தால் ஒன்றும் இருக்காது. வாசனையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த வகையே இல்லை அது, தூரம் தாங்க வேண்டும், பெட்டியில் கசங்கக் கூடாது என்று பார்த்து எடுத்த வகை. வீட்டுத் தோட்டத்தில் புதராகவும் வராது, விறைப்பாக நாலு குச்சி மேலே போகும். விலை குறைவு என்பதைத் தவிர இதை வாங்கக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

அதே கடையில் கொஞ்சம் விவரமானவர் இருந்தால் 'கோல்டு மெடல்' கேட்டுப் பாருங்கள். 1982-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஆள் உயரத்துக்கு வளரும், மொட்டு விளிம்பில் லேசாக ஆரஞ்சு ஓடும், சூடு தாங்கும், முள்ளும் அவ்வளவு இல்லை. வாசனை உண்டு, ஆனால் பக்கத்தில் போய் முகர வேண்டும், காற்றில் தேடி வராது. மஞ்சள் மஞ்சளாகவே இருக்க வேண்டும், பூசைக்கும் பறிக்க வேண்டும், அதிகம் அலட்டிக்கொள்ள முடியாது என்கிறவர்களுக்கு இது போதும். புதர் என்று சொல்ல மாட்டேன், உயரமான செடி. அடிப்பக்கம் மொட்டையாகிவிடும், அதை மறைக்க முன்னால் துளசியோ மரிக்கொழுந்தோ வைத்துவிடலாம்.

இங்கிலீஷ் ரோஜாக்கள்தான் எல்லாரையும் மயக்குவது. டேவிட் ஆஸ்டின் என்பவர் பழைய ரோஜாக்களின் உருவத்தையும் வாசனையையும் புது ரோஜாக்களின் நிறத்தோடும் திரும்பத் திரும்பப் பூக்கிற குணத்தோடும் சேர்த்து உண்டாக்கிய வரிசை அது. மஞ்சளில் இரண்டு பெயர் முக்கியம். 1983-இல் வந்த 'கிரஹாம் தாமஸ்', 1992-இல் வந்த 'கோல்டன் செலிப்ரேஷன்'. முதலாவது உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு 2009-இல் உலகின் விருப்ப ரோஜா என்று தேர்ந்தெடுத்தது. இரண்டாவது பெரிய கிண்ணம் போன்ற பூ, வாசனையும் தாராளம். புத்தகப்படி பார்த்தால் நாம் கேட்ட மூன்றும் இதில் இருக்கிறது, ஆகவே இதையே வாங்கிவிடலாம் என்றுதான் தோன்றும்.

ஆனால் இவை உருவானது இருபது டிகிரி கோடையில். நம் ஊரில் பங்குனி பிறந்துவிட்டாலே நாற்பதை எட்டிப் பார்க்கிற வெயில். அந்தச் சூட்டில் நிறைய இதழ் அடுக்கிய பூ நிதானமாக விரிவதற்கு நேரமே இல்லை, காலையில் விரியும், மதியத்துக்குள் வெளுக்கும், சாயங்காலம் இதழ் தரையில் கிடக்கும். வாசனை எண்ணெய்களும் வெயில் ஏற ஏறப் பறந்துவிடும். இன்னொரு சங்கடம், சூடான ஊர்களில் 'கிரஹாம் தாமஸ்' புதராக நிற்காமல் எட்டடி பத்தடிக்கு நீளக் கிளைகளை வீசி நுனியில் மட்டும் பூக்கும், கொடி மாதிரி வளைத்துக் கட்டினால்தான் கிளை நெடுகப் பூ வரும். 'கோல்டன் செலிப்ரேஷன்' பூவின் கனத்தில் கிளை தலை குனியும். மார்கழி முதல் மாசி வரை மட்டும் பார்த்தால் இவற்றுக்கு ஈடு கிடையாது, அதை ஒப்புக்கொள்கிறேன். அந்த மூன்று மாதத்துக்காக மீதி ஒன்பது மாதம் ஒரு செடியைப் பார்த்துக்கொள்ள உங்களால் முடியுமா என்பதுதான் கேள்வி. சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் மட்டும் வீட்டைத் திறக்கிறவர்கள் என்றால் ஒரு விதத்தில் கணக்கு சரியாகவே வருகிறது. நீங்கள் வருகிற சமயம்தான் அதுவும் பூக்கிறது! ஆனால் கோடையில் தண்ணீர் ஊற்ற நம்பிக்கையான ஆள் வேண்டும்.

'ஜூலியா சைல்டு' என்று ஒரு வகை. அமெரிக்கச் சமையல் நிபுணர் ஜூலியா சைல்டு தன் பெயரை வைக்கத் தானே தேர்ந்தெடுத்த ரோஜா, வெண்ணெய் நிறத்துக்காக. 2006-இல் வெளிவந்தது, பிரிட்டனில் வேறு பெயரில் விற்கிறார்கள். இதன் வாசனை சோம்பு வாசனை, அதாவது ரோஜா என்று சொல்லாமல் கண்ணை மூடி முகரச் சொன்னால் சிலர் சமையற்கட்டைத்தான் நினைப்பார்கள். செடி மூன்றடிக்குள் உருண்டு திரண்டு நிற்கும், இலை பளபளவென்று இருக்கும், நோய் குறைவு, பூ கொத்துக் கொத்தாக வரும். தொட்டிக்கு இதைவிடப் பொருத்தமான மஞ்சள் ரோஜா எனக்குத் தெரிந்து இல்லை. தரையில் வைக்க இடம் இல்லாமல் முற்றத்தில் தொட்டிதான் என்பவர்கள் இங்கேயே படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம். 'ஆர்தர் பெல்' என்று 1965-இல் வந்த ஒரு பழைய மஞ்சளும் உண்டு, வாசனை நன்றாக இருக்கும், ஆனால் வெயிலில் ஒரே நாளில் வெளிறிவிடும் ரகம், நமக்கு ஆகாது.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். நூறு வருஷத்துக்கு மேல் ஆன தேயிலை ரோஜாக்கள். 'லேடி ஹில்லிங்டன்', 1910. இந்தக் கூட்டத்துக்குக் குளிர்தான் ஆகாது, சூடு பிடிக்கும். இவற்றின் மூதாதைகளில் ஒன்றான ரோசா ஜைகான்டியா நம் மணிப்பூர் மலைகளில் காட்டுக்கொடியாகப் படர்ந்து கிடப்பது. அதையே வைத்து வெப்ப நாடுகளுக்கென்று ரோஜாக்களை உருவாக்கியவர்கள் கொடைக்கானலைச் சேர்ந்த வீரராகவன், கிரிஜா வீரராகவன் தம்பதி. நமக்கு ஏற்ற ரோஜா எந்தப் பக்கத்தில் இருந்து வரும் என்பதற்கு அவர்கள் வேலையே சாட்சி.

'லேடி ஹில்லிங்டன்' பார்க்க எப்படி இருக்கும்? தளிர் கத்தரிப்பூ நிறத்தில் வரும், அதன் மேல் காவி கலந்த மஞ்சளில் நீள மொட்டு. விரிந்ததும் இதழ் தளர்வாக இருக்கும், இங்கிலீஷ் ரோஜா மாதிரி அடுக்கு கிடையாது, அதனால்தான் நம் சூட்டிலும் சிக்காமல் விரிகிறது. வாசனை அசல் தேயிலை வாசனை. குளிர் ஊரில் மூன்றடி நாலடியோடு நிற்பது நம் பக்கம் இன்னும் பெரிதாக, அகலமாகப் புதர் கட்டும். குறை இல்லாமல் இல்லை. பூக்காம்பு மெலிந்தது, பூ தலை கவிழ்ந்தே இருக்கும், ஜாடியில் வைக்கிறவர்களுக்குப் பிடிக்காது. மஞ்சள் பளிச்சென்று இருக்காது, கோடையில் வெளிர் மஞ்சளாக இறங்கிவிடும். முதல் இரண்டு வருஷம் சோம்பேறியாகத்தான் வளரும், அந்தச் சமயத்தில் ஓசூர்ச் செடியை வைத்த பக்கத்து வீட்டுக்காரர் உங்களைப் பார்த்துச் சிரிப்பார். அப்புறம் முக்கியமான ஒன்று, இதைக் கவாத்து என்ற பெயரில் மொட்டையடிக்கக் கூடாது. காய்ந்த கிளை, உள்ளே பின்னிய கிளை இவற்றை மட்டும் எடுத்தால் போதும். தோட்டக்காரர் கையில் கத்தரியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனால் முழங்கால் உயரத்துக்கு வெட்டி வைத்திருப்பார், மற்ற ரோஜாவுக்கு அப்படிச் செய்துதான் அவருக்குப் பழக்கம். பக்கத்தில் நில்லுங்கள்.

வாசனையில் இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது, 'மரேஷால் நியேல்'. 1864-இல் பிரான்சில் வந்தது, ஐரோப்பாவில் குளிருக்குப் பயந்து கண்ணாடி வீட்டுக்குள் வைத்து வளர்த்தார்கள். வெளிர் மஞ்சள், பெரிய பூ, ஒரு சுவர் நிறையப் பூத்தால் அந்தப் பக்கமே மணக்கும். ஆனால் இது கொடி, புதர் கேட்டவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது என்று தயக்கமாகத்தான் இருந்தது. செட்டிநாட்டு வீடுகளில் இரண்டு தெருவுக்கும் நீளுகிற உயரமான சுற்றுச்சுவர் இருக்கிறதே என்றுதான் சொல்கிறேன். கிழக்கு பார்த்த சுவராகவோ வடக்கு பார்த்த சுவராகவோ இருந்தால் கம்பி கட்டி ஏற்றலாம். மேற்கு பார்த்த சுவர் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி வரைக்கும் விட்டுக்கொண்டிருக்கும், அங்கே வேண்டாம். அடைமழையில் இதன் மொட்டுகள் விரியாமலே அழுகும், ஐப்பசி, கார்த்திகைப் பூவை மறந்துவிட வேண்டியதுதான்.

எந்த வகை வாங்கினாலும் நம் பக்கத்து வீடுகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு, அதை வெளியூர்த் தோட்டக் கட்டுரைகளில் பார்க்க முடியாது. நம் மண் செம்மண், சரளை. கொஞ்சம் புளிப்புத் தன்மை உள்ளது, ரோஜாவுக்கு அது நல்லதுதான். ஆனால் பழைய வீட்டை ஒட்டிய நிலத்தில் அந்த மண் இருக்காது. பழுது பார்த்தபோது உடைத்த காரை, சுண்ணாம்புப் பூச்சு, செங்கல் பொடி எல்லாம் தலைமுறை தலைமுறையாகப் பின்கட்டில்தான் கொட்டியிருப்பார்கள். சுண்ணாம்பு கலந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது, தளிர் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். பூ மஞ்சளாக வேண்டும் என்று வைத்த செடியில் இலை மஞ்சளாவது பெரிய வேடிக்கை. கைப்பிடி மண்ணில் வினிகர் ஊற்றிப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. சுவரில் இருந்து நாலைந்து அடி தள்ளி, ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் குழி எடுத்து, உள்ளே இருப்பதை முழுக்க வெளியே போட்டுவிட்டு, தோட்டத்துச் செம்மண்ணோடு ஊருணிக் கரம்பை (அடியில் படிகிற வண்டல்) கொஞ்சம், மக்கிய மாட்டெரு, இரண்டு கை வேப்பம் புண்ணாக்கு, ஒரு கை எலும்புத்தூள் கலந்து நிரப்புங்கள். கரம்பை சேர்த்தால்தான் சரளை மண்ணில் தண்ணீர் நிற்கும், ரொம்பச் சேர்த்தால் மழைக்காலத்தில் வேர் அழுகும். வேப்பம் புண்ணாக்கு கரையானுக்காக, நம் பக்கம் அதை விட்டுவிட்டு எந்தச் செடியும் வைக்க முடியாது. சந்தேகமாக இருந்தால் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் மண் பரிசோதனை பற்றிக் கேட்டுப் பார்க்கலாம்.

தண்ணீரும் அப்படித்தான். காரைக்குடித் தண்ணீருக்கு நல்ல பெயர், ஆனால் எல்லா ஊர் ஆழ்குழாய்க் கிணறும் அப்படி இல்லை. வாளியின் உட்புறம் வெள்ளையாகப் படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் மழைத்தண்ணீர்தான் மருந்து, முற்றத்து ஓட்டில் இருந்து விழுவதைப் பிடித்து வைக்கிற வழக்கம் நம் வீடுகளில் பழசு, தொட்டிச் செடிக்காவது அதை ஊற்றலாம்.

இடம் என்று பார்த்தால் காலை வெயில் ஐந்தாறு மணி நேரம் வேண்டும், மதியம் ஒரு மணிக்கு மேல் நிழல் வந்தால் புண்ணியம். பின்கட்டில் மேற்கே ஒரு மாமரமோ வேம்போ இருந்தால் அதன் நிழல் விழுகிற தூரத்தில், வேர் எட்டாத தூரத்தில். முற்றத்தின் நடுவே வைக்கலாமா என்று ஆசையாகக் கேட்பவர்கள் உண்டு. சுற்றிலும் கல்லும் ஓடும், காற்றோட்டம் குறைவு, சூடு உள்ளேயே சுற்றும், சிவப்புச் சிலந்திக்கு அதைவிடச் சொகுசான இடம் கிடையாது. வைத்தே ஆக வேண்டும் என்றால் தொட்டியில் 'ஜூலியா சைல்டு', கோடையில் காலை நேரத்தில் இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், சிலந்தி குறையும். இலைப்பேன் வெளிர் நிறப் பூக்களைத்தான் அதிகம் பிடிக்கும், மொட்டு விளிம்பு பழுப்பாகிச் சுருண்டால் அந்த மொட்டைக் கிள்ளி எறிந்துவிடுங்கள், பக்கத்தில் போட்டு வைக்காதீர்கள்.

இவ்வளவுக்கும் அப்புறம் என்னை எடுக்கச் சொன்னால், தரையில் வைக்க இடமும் இரண்டு வருஷம் பொறுக்கிற மனசும் இருந்தால் 'லேடி ஹில்லிங்டன்'. பளிச் மஞ்சளில் பூ பறித்து பிள்ளையாருக்கு வைக்க வேண்டும் என்றால் 'கோல்டு மெடல்'. இங்கிலீஷ் ரோஜா ஆசை விடவில்லை என்றால் 'கிரஹாம் தாமஸ்', அதையும் புதர் என்று நினைக்காமல் தாழ்வான கம்பியில் வளைத்துக் கட்டத் தயாராக இருந்தால் மட்டும். மஞ்சள் நிறமும் மணமும் போதும், ரோஜாவாகவே இருக்க வேண்டும் என்று இல்லை என்றால் நான் வேறு பேச்சே பேச மாட்டேன், செண்பகமோ மனோரஞ்சிதமோ வைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள். மனோரஞ்சிதத்துக்குப் பாம்பு வரும் என்று வீட்டில் ஆச்சிமார் தடுத்தால் அதை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும்.

வாங்கும்போது பெயர்ச்சீட்டை நம்பாதீர்கள். பழைய தேயிலை ரோஜாக்கள் சாலையோரக் கடையில் வராது, பெங்களூர், ஊட்டி, கொடைக்கானல் பக்கம் ரோஜாவுக்கென்றே இருக்கிற நர்சரிகளிலும் வளர்ப்பவர்களிடமும் விசாரித்துச் சொல்லி வைக்க வேண்டும். முடிந்தால் பூவோடு இருக்கிற செடியைக் காலை ஒன்பது மணிக்குள் போய் முகர்ந்து பாருங்கள், மதியம் முகர்ந்துவிட்டு வாசனை இல்லை என்று ஒதுக்குவது அந்தச் செடிக்கு நியாயம் இல்லை. ஒட்டு கட்டிய இடம் தழும்பாகத் தெரியும், அதற்குக் கீழே இருந்து கிளம்புகிற தளிர் எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் ஒட்டுக்கு வேராக நிற்கிற அடிச்செடியினுடையது, விட்டுவைத்தால் அடுத்த வருஷம் மஞ்சள் ரோஜா இருந்த இடத்தில் வேறு ஏதோ பூக்கும். நடவு கார்த்திகை அடைமழை ஓய்ந்ததும், மார்கழிக்குள். பங்குனி வெயிலுக்கு முன்னால் வேர் பிடிக்க அப்போதுதான் மூன்று மாதம் கிடைக்கும். ஆடியில் செடி கையில் வந்துவிட்டால் தொட்டியிலேயே நிழலில் வைத்திருங்கள், அவசரப்பட்டுத் தரையில் இறக்க வேண்டாம்.